கோ

செக்காலை ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடி.
மூன்று மேசை, பாட்டரி செத்த இன்வெர்ட்டர்,
யார் கழுவுவது என்று தீராத டபரா.
வெள்ளிக்கிழமை. அபுதாகிர் தொழுகைக்குக் கிளம்பும்போது
படியில் நின்று சொன்னான்:
"என் மெஷின்ல இருக்கறதைப் பதிஞ்சு அனுப்பிரு சிகப்பி,
ஒரு மணிக்குக் கரண்டு போயிரும்."

உட்கார்ந்தேன். விரல் தானாகத் தட்டியது:
கோ. ஓர் இடைவெளி. ஒரு புள்ளி.

என் மெஷினில் கோ என்றால் கோத்துவிடு.
செய்த திருத்தமெல்லாம் நூலில் ஏற்றி முடிச்சுப் போடு.
நான்கு வருஷமாக அப்படித்தான், நான் வைத்த சுருக்கம்.
அவன் மெஷினில் கோ என்றால் பழைய பிரதியை எடு.
பக்கத்தில் புள்ளி வைத்தால்
எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு.

கருவி ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.
"பதினோரு கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன" என்றது,
பிள்ளை பாஸாகிவிட்டான் என்கிற தொனியில்.
அவனுடைய வியாழன் ராத்திரி முழுக்க அதில் இருந்தது.

ஆறாம் வகுப்பில் ஓரெழுத்து ஒருமொழி ஒப்பித்தோம்.
தீ நெருப்பு, பூ மலர், கோ அரசன்.
கோ பசுவும்தான் டீச்சர், என்றாள் கடைசி பெஞ்சில் ஒருத்தி.
இரண்டும் சரி, உட்கார், என்றார்.
இரண்டும் சரி.

திரும்பி வந்தவன் தொப்பியை மடித்துப் பையில் வைத்தான்.
சொன்னேன்.
திரையைப் பார்த்தான். கீழே எவனோ
லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
"சாப்ட்டியா?" என்றான்.
திட்டியிருக்கலாம்.

அன்றிரவு கருவியின் மூலத்தைத் திறந்து
நான்கு வரி சேர்த்தேன்,
எந்த மெஷினில் நிறுவினாலும் பிறக்கும்போதே தெரிந்திருக்க:
எஸ்டி, நிலைமை சொல்.
பிஆர், கிளையைக் காட்டு.
சிஐ, பதி.
கோ-வை அவன் பக்கமே எழுதிக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா ஒப்பவில்லை. கூரியர் கவரை ஆட்டிக் காட்டினாள்.
பழ.கரு.நா. என்று மட்டும் எழுதியிருந்தது.
"இந்த விலாசத்துல இங்க ஒரு வீடு, பள்ளத்தூர்ல ஒரு வீடு.
ரெண்டு வாட்டி நம்ம மாடிக்கு வந்து திரும்பிருச்சு.
சுருக்கமெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குள்ள.
வாசலைத் தாண்டினா முழுப் பேரை எழுதணும்."
"எல்லாருக்கும் ஒரே சுருக்கம்னா தாண்டலாமே?"
"எல்லாருக்கும்னு யாரு முடிவு பண்றது? நீயா?"

சோதித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.
ஒருவர் தனக்கென்று முன்பே வைத்ததைக்
கருவி மதிக்கும்; மதிக்கத்தான் வேண்டும்.
என் மெஷினில் என் நான்கு வரியில் ஒன்று
வாசலில் செருப்போடு நின்றது.
உள்ளே பழைய கோ, கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.
அந்த வெள்ளிக்கிழமையை இது தடுத்திருக்காது.
நான்கு வருஷம் முன்னால் வந்திருந்தால்
என் விரல் வேறு மாதிரி வளர்ந்திருக்கும்,
அவ்வளவுதான்.

அதனால் அழித்துவிடவும் மனசில்லை.
இன்னும் பழகாத கைகளுக்கென்று விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை கழனிவாசலிலிருந்து வந்தான் மெய்யர்.
முதல் வேலை. புது மெஷின், அட்டைப்பெட்டி வாசனை போகவில்லை.
யாரும் சொல்லாமல் எஸ்டி என்று தட்டினான்.
"மாற்றம் எதுவும் இல்லை" என்று வந்தது பதில்.
எப்போதும் இப்படித்தான் இருந்தது போல
அடுத்ததைத் தட்டப் போய்விட்டான்.

அபுதாகிர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினொன்றையும் திரும்ப எழுதினான்.
ஏழாவது மட்டும் முதலில் வந்த மாதிரி வரவில்லை என்று
இன்னும் சொல்கிறான், பொதுவாக, காற்றைப் பார்த்து.
அவன் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாள் ஒன்று:
சிகப்பி, முழுசா எழுது.